துவிச்சக்கர வண்டியும் இடப்பெயர்வும்

1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையால் எரிபொருள் அரிதாகவே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் முதன்மை ஊர்தியாகத் துவிச்சக்கர வண்டி அமைந்தது. கணவன் மிதிக்க, மனைவி பின் கரியரில் அமர்ந்து நெடுந்தூரம் செல்வது வழமையாயிற்று. மின்கலம் கிடையாதபோது வானொலியை இயக்கியதும் அவ்வண்டியின் டைனமோவே.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள், போர் நெருங்கவே, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். யாழ் நகரிலிருந்து நாவற்குழி வழியே சாவகச்சேரி சுமார் 15 கிலோமீற்றர். மிதித்துச் சென்றால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். அவ்விரவில் மழையும் சனநெரிசலும் சேர, அது விடியும்வரை நீண்டது. மிதிக்க இடமின்றிக் கணவர் வண்டியை உருட்ட, மனைவியர் பின்னின்று மூட்டைகளைத் தாங்கினர். ஐந்தாண்டுத் தடைக்கு ஈடுகொடுத்த ஊர்தி, ஒரு சமூகம் முழுவதும் ஓரிரு பாதைகளில் தள்ளப்பட்டபோது, வெறும் சுமைவண்டியாயிற்று.