ஆங்கிலப் பழமொழியில் ஒரு மலை

ஒரு மொழியின் சொற்களைக் கற்பது எளிது. அம்மொழியார் நாள்தோறும் வழங்கும் மரபுத் தொடர்களை உணர்வதே அரிது. அரபு பயின்றோர் இதனை நன்கறிவர். 'ஹுனைனின் காலணிகளோடு திரும்பினான்' என்பது ஓர் அரபுத் தொடர். சொற்பொருள் மட்டும் அறிந்தவருக்கு இதில் ஒன்றும் விளங்காது. ஹீரா நகரத்துச் செருப்புத் தொழிலாளி ஹுனைனிடம், நாட்டுப்புற அரபி ஒருவன் நெடுநேரம் பேரம் பேசிச் சினமூட்டி, வாங்காமலே போனான். ஹுனைன் அவன் செல்லும் வழியில் ஒரு காலணியையும், சற்றுத் தொலைவில் அதன் இணையையும் போட்டுவைத்தான். முதலாவதை எடுக்காமல் சென்ற அரபி, இரண்டாவதைக் கண்டதும் ஒட்டகத்தை நிறுத்திவிட்டு முன்னதை எடுக்கத் திரும்பி ஓடினான். மறைந்திருந்த ஹுனைன் ஒட்டகத்தை ஓட்டிச் சென்றுவிட்டான். அரபி ஊர் சேர்ந்தது காலணிகளோடு மட்டுமே! வெறுங்கையோடு திரும்புதல் என்பதே தொடரின் பொருள். ஹிஜ்ரி 518இல் (கி.பி. 1124) மறைந்த அறிஞர் மைதானீ, 'மஜ்மவுல் அம்ஸால்' என்னும் பெருநூலில் இத்தகைய பழமொழிகளை அவற்றின் பிறப்புக் கதைகளோடு தொகுத்துத் தந்துள்ளார்.

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் இம்முறையே வேண்டும். 'மலை முஹம்மதிடம் வராவிட்டால், முஹம்மது மலையிடம் செல்ல வேண்டும்' என்று ஓர் ஆங்கிலப் பழமொழி உண்டு. பிறர் நம்மை நாடி வாராதபோது நாமே அவரை நாடிச் செல்லவேண்டும் என்பதே இன்று அதற்குக் கொள்ளப்படும் பொருள். சொல்வோர் உள்ளத்தில் பெரும்பாலும் இகழ்ச்சி ஏதுமில்லை. ஆனால் அது பிறந்த கதை வேறு.

ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் 1625இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில் 'துணிச்சல்' பற்றிய கட்டுரை ஒன்றுள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு குன்றைத் தம்மிடம் வரவழைப்பதாகக் கூறி மக்களைக் கூட்டினார்களாம். பலமுறை அழைத்தும் அது அசையாதிருக்கவே, சற்றும் நாணாமல் தாமே அதனிடம் சென்றார்களாம்! வீண் துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாகவே பேக்கன் இதனை எழுதினார். ஹதீஸ் நூல்களிலோ ஸீரா நூல்களிலோ இதற்கு ஆதாரம் இல்லை. முல்லா நஸ்ருத்தீன் பெயரால் வழங்கும் வேடிக்கைக் கதைகளில் மட்டும், மரத்தை அழைத்து அது வாராததால் தாமே அதனிடம் சென்றதாக இதனையொத்த ஒன்று உண்டு.

வரலாறு காட்டுவதோ இதற்கு நேர்மாறானது. மக்காவை நெருக்கி நிற்கும் மலைகளை அகற்றிக் காட்டுமாறு கேட்டவர்கள் குறைஷியரே. அண்ணலார் அதற்காகத் தாம் அனுப்பப்படவில்லை என்றே மறுமொழி கூறினார்கள். திருக்குர்ஆன் 13:31 மலைகள் பெயர்க்கப்படுவது பற்றிப் பேசுகிறது. 17:90-93 வசனங்கள் குறைஷியர் கேட்ட அற்புதங்களை அடுக்கிச் சொல்லி, தாம் மனிதராகிய தூதரே எனக் கூறுமாறு நபியவர்களைப் பணிக்கின்றன. மலையை அசைப்பேன் என மக்களைக் கூட்டியவர் என்னும் கதை, மலையை அசைக்க மறுத்தவர் மீது சுமத்தப்பட்டது!

இத்தகைய கதைகளை ஐரோப்பியர் எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் நாம் நினைவில் வைத்தல் வேண்டும். பயிற்றுவித்த புறா ஒன்று நாயகம் (ஸல்) அவர்களின் செவியருகே வந்தமர்ந்தது என்றொரு கட்டுக்கதையை, டச்சு அறிஞர் குரோஷியஸ் 1627இல் வெளிவந்த தம் சமய நூலில் சேர்த்திருந்தார். அலெப்போவில் தங்கி அரபு கற்று, 1636இல் ஆக்ஸ்போர்டில் அரபுப் பேராசிரியரான எட்வர்ட் போகாக், இதற்குச் சான்று யாது என அவரிடமே வினவினார். முஸ்லிம்களிடையே அப்படியொரு செய்தி இல்லை என்று குரோஷியஸ் ஒப்புக்கொண்டார். அந்நூலை அரபியில் பெயர்த்து 1660இல் வெளியிட்டபோது போகாக் அக்கதையை விலக்கிவிட்டார். 1840இல் தாமஸ் கார்லைல், நபியவர்களைப் பற்றிய தம் புகழ்பெற்ற சொற்பொழிவில் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டினார். அரபை முறையாகக் கற்ற ஒருவர் கேட்ட ஒரு கேள்வி, நெடுங்காலப் பொய்யைத் தகர்த்தது.

ஆகவே பழமொழி ஒன்றைக் கற்கும்போது இரண்டு அறிவு தேவை. வழக்கிலுள்ள பொருளை அறிந்தால், கள்ளமின்றிப் பேசுபவரோடு வீணே பிணங்கமாட்டோம். பிறந்த வரலாற்றை அறிந்தால், பழமொழியைச் சரித்திரமென மயங்கமாட்டோம். பள்ளிப் பாடத்தில் இதனைக் காணும் பிள்ளைக்கு இரண்டையும் சொல்லிக்கொடுப்போம். ஆசிரியரோ நண்பரோ கேட்டால், போகாக்கைப் போல் 'சான்று யாது?' எனப் பணிவோடு வினவவும் பழக்குவோம். தெளிந்த கல்வியை அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக!