கூரை ஓவியமும் மறக்கப்பட்ட ஆசானும்



மைக்கலாஞ்சலோ என்னும் பெயரைக் கேட்டதும் பலருடைய நினைவில் எழுவது வத்திக்கானிலுள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரை ஓவியமே. ஆதாமை நோக்கி நீளும் சிருஷ்டிகரின் கரத்தை அறியாதார் சிலரே. அதை வரைந்தவரை, எவரிடமும் கல்லாமல் கலையைப் பரத்திலிருந்து நேரே பெற்றவராக எண்ணிப் பழகிவிட்டோம். முதுமையில் அவரும் அவ்வாறே எண்ணப்பட விரும்பினார். ஆனால் அவருடைய இளமைக்காலம் வேறொன்றைச் சொல்லுகிறது.

1475ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், இத்தாலியின் கப்ரேசே என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். புளோரன்சு நகருக்கு அருகிலுள்ள செத்தின்யானோவில், கல்தச்சர் குடும்பத்துப் பெண் ஒருத்தியிடம் பாலூட்டி வளர்க்க ஒப்படைக்கப்பட்டார். உளியையும் சுத்தியலையும் அந்தச் செவிலித்தாயின் பாலோடு பருகியதாகப் பிற்காலத்தில் வேடிக்கையாகக் கூறினார். 6 வயதில் பெற்ற தாயை இழந்தார்.

1488 ஏப்ரல் 1ஆம் நாள், 13 வயது மகனை ஓவியர் தொமெனிக்கோ கிர்லாந்தையோவிடம் மூன்றாண்டுப் பயிற்சிக்குத் தந்தை ஒப்படைத்தார். அக்காலத்தில் கிர்லாந்தையோ, புளோரன்சிலுள்ள சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தார். சுவரில் பூசிய சுண்ணச்சாந்தின் ஈரம் காயுமுன் அன்றைய பகுதியை வரைந்து முடிக்கவேண்டும். பிழை நேர்ந்தால் சாந்தைச் செதுக்கியெடுத்து மறுபடியும் பூசவேண்டும். சாந்தை எப்படிக் குழைப்பது, எந்த வண்ணம் சுண்ணத்தைத் தாங்கும் என்பவற்றை ஆசானின் அருகே நின்றுதான் கற்கமுடியும்.

பயிற்சிக்காலம் முடியுமுன்னரே இன்னொரு வாசல் திறந்தது. புளோரன்சின் தலைவர் லொரென்சோ தே மெதிச்சி, தாம் சேர்த்துவைத்திருந்த பழஞ்சிற்பங்களைக் கண்டு பயிலச் சிறுவனுக்கு இடமளித்தார். தொனத்தெல்லோவின் மாணவரான பெர்த்தோல்தோ அங்கே மேற்பார்வை செய்தார். 1492இல் லொரென்சோ இறக்கும்வரை மைக்கலாஞ்சலோ அவர் வீட்டிலேயே தங்கி, அவர் பிள்ளைகளோடு பந்தியிருந்தார். அந்த வீட்டில் வளர்ந்த ஜொவான்னியும் ஜூலியோவும் பின்னாளில் பத்தாம் லியோ, ஏழாம் கிளமென்ட் என்னும் போப்பாண்டவர்களாகி, அவருக்குப் பெரும் பணிகளை அளித்தனர்.

புரவலரின் ஆதரவு நுகமாகவும் மாறியதுண்டு. 1505இல் தமக்குக் கல்லறை செதுக்க அவரை அழைத்த போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ், 1508இல் சிற்றாலயக் கூரையை வரையும்படி பணித்தார். அந்தக் கல்லறையோ நாற்பது ஆண்டுகள் இழுபட்டு, 1545இல் சுருங்கிய வடிவிலேயே நிறைவுற்றது. கடிதங்களில் "சிற்பி" என்றே கையொப்பமிட்டுவந்தவருக்கு ஓவியப்பணி மனத்துக்கு உகந்ததாக இல்லை. இது தம் தொழிலன்று என்று 1509இல் தந்தைக்கு எழுதி வருந்தினார். ஆயினும் நான்கு ஆண்டுகளில் 300க்கும் மேற்பட்ட உருவங்களை அவர் வரைந்து முடித்தார்.

விரும்பாத அந்த வேலையில் அவருக்குக் கைகொடுத்தது, சிறுவயதில் கிர்லாந்தையோவின் பட்டறையில் பழகிய சாந்தும் வண்ணமுமே. உதவிக்கு அவர் புளோரன்சிலிருந்து அழைத்தவர்களில், அதே பட்டறைத் தோழரான கிரனாச்சியும் ஒருவர். அவர் சாரத்தின்மேல் நின்று வரைந்த அந்தச் சிற்றாலயத்தின் சுவரில், பேதுருவையும் அந்திரேயாவையும் இயேசு அழைக்கும் காட்சி முன்னரே இருந்தது. அதை 1481-82இல் வரைந்தவர் கிர்லாந்தையோ.

ஆயினும் 1553இல் மாணவர் கொன்திவி எழுதிய வாழ்க்கை வரலாறு, கிர்லாந்தையோவிடமிருந்து மைக்கலாஞ்சலோ எவ்வித உதவியும் பெறவில்லை என்றது. தம் பக்கத்தைச் சொல்ல ஆசான் உயிரோடில்லை. அவர் 1494இலேயே இறந்துபோனார். 1568இல் வரலாற்றாசிரியர் வசாரி, பழைய ஒப்பந்தப் பதிவைத் தம் நூலில் எடுத்துக்காட்டி மறுத்தார். மூன்று ஆண்டுகள், 24 புளோரின் ஊதியம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது.

மைக்கலாஞ்சலோவின் வரம் மெய்யானது. அதைக் கொடுத்தவர் தேவனே. ஆனால் அவர் அதைக் கல்தச்சர் வீட்டு மனைவியின் மடியிலும், ஓவியரின் பட்டறையிலும், செல்வந்தரின் பந்தியிலும் வளரச்செய்தார். ஆசரிப்புக்கூடார வேலைக்குப் பெசலெயேலை ஞானத்தினால் நிரப்பியவர், பிறருக்குப் போதிக்கும் மனதையும் அவனுக்குக் கொடுத்தார் என்று யாத்திராகமம் 35ஆம் அதிகாரம் சொல்லுகிறது. வரமும் போதனையும் அங்கே சேர்ந்தே வருகின்றன.

அன்பானவர்களே, எழுத்தைக் கற்பித்த ஆசிரியரும், வேதவசனத்தை மனப்பாடம் செய்வித்த ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையும், தொழிலில் முதன்முதலாக நம்மை நம்பியவரும் நம் வரலாற்றிலிருந்து எளிதில் விடுபட்டுப்போகிறவர்கள். உயிரோடிருப்பவர்களை இந்த வாரம் சந்தித்து நன்றி சொல்லுவோம். அவர்களில் மறைந்தவர்களின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம். வசதியுள்ள வீடுகளோ, திறமையிருந்தும் இடமில்லாத ஒரு பிள்ளையைத் தேடி அழைத்துத் தங்கள் பந்தியில் உட்காரவைக்கட்டும்.