சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடிகளில் மின் ஹீற்றர்

சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடிகளில் வீட்டுச் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் குடியிருப்பவரின் கையில் இருந்ததில்லை. ரொறொன்ரோ நகர மையத்தின் வடகிழக்கே, ஷெர்போர்ன் வீதிக்கும் பார்லிமென்ற் வீதிக்கும் நடுவே, 19ஆம் நூற்றாண்டின் வசதியான வீடுகளை இடித்துவிட்டு 1960களில் இந்தக் கோபுரங்களைக் கட்டினார்கள். அக்கால வழக்கப்படி கட்டடத்துக்கு ஒரு பொயிலர். அதில் சூடேறிய நீர் குழாய் வழியே ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறியது. வெப்பத்துக்கான செலவு வாடகையோடு சேர்ந்திருந்தது.

குறை கட்டட அமைப்பில் இருந்தது. எரிபொருள் மலிவாக இருந்த காலத்துக் கட்டடங்கள் அவை. வீட்டுக்குள் இருக்கும் கொங்கிறீற் தளமே வெளியே நீண்டு பல்கனியாகிறது. உள்ளிருக்கும் சூடு அதன் வழியே கசிந்து போய்விடும். காற்று வேகமாக மோதும் மேல்மாடிகளில் ஜன்னல் ஓரம் எப்போதும் குளிர். குளிர்மாதங்களில் வீட்டுக்குள் குறைந்தது 21 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும் என்று ரொறொன்ரோ நகரசபை விதி வைத்தது. அந்த அளவை எட்டாத மூலைகளுக்குத்தான் ஹீற்றர் வந்தது.

இலங்கையின் 1983 யூலைக் கலவரத்தின் பின் கனடா வந்த ஈழத்தமிழர் பலருக்கு முதல் முகவரி இந்தக் கோபுரங்கள். தனியாட்களையும் இளம் தம்பதியரையும் மனதில் வைத்துக் கட்டிய சிறிய வீடுகளில் குடும்பங்கள் நிறைந்தன, வரவேற்பறையும் படுக்கையறையாயிற்று. பல்கனிக் கதவோரம் பாய் விரிப்பவருக்குச் சிறிய ஹீற்றர் ஒன்று அவசியமானது. யாழ்ப்பாணத்து வீடுகளில் அதற்குத் தேவையே இருந்ததில்லை என்பதால், அதைக் கையாளும் பழக்கத்தை இங்குதான் கற்கவேண்டியிருந்தது.

பெரும்பாலான ஹீற்றர்களின் உயிர் நிக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்த இந்தக் கம்பி, சிவக்கக் காய்ந்தாலும் எளிதில் எரிந்து அறாது. அமெரிக்கரான அல்பேர்ட் மார்ஷ் 1906இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கம்பி வெளியே தெரியும் பழைய வகைக்குப் பின், விசிறி வைத்தது, செராமிக், எண்ணெய் நிரப்பிய ரேடியேற்றர் எனப் பல வந்தன. எண்ணெய் வகை மெல்லச் சூடேறி மெல்ல ஆறும், சத்தமும் இல்லை. நித்திரைக்கு இடைஞ்சல் இல்லாதது அதுதான்.

எந்த வகையானாலும் உச்ச அளவு பெரும்பாலும் 1500 வாட். இலங்கையின் 230 வோல்ற்றில் அது ஆறரை அம்பியர் அளவே இழுக்கும். கனடாவின் 120 வோல்ற்றில் பன்னிரண்டரை. சாதாரண அறைப் பிளக்குகளுக்கான பிரேக்கர் 15 அம்பியர்தான், ஒரே பிரேக்கரில் பல பிளக்குகள் இருக்கும். அதே வயரில் சோற்றுக் குக்கரையும் போட்டால் பிரேக்கர் விழும். பிரேக்கர் விழுவதைத் தொல்லையாக நினைத்துத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவது பெரிய தவறு: அது சுவருக்குள் வயர் சூடாகாமல் காக்கும் காவல்.

ஆகவே ஹீற்றரை நேரே சுவர்ப் பிளக்கில்தான் செருகவேண்டும். எக்ஸ்ரென்ஷன் வயர் கூடவே கூடாது. செருகும்போது தளர்வாக இருந்தாலோ, பிளக் பழுப்பேறியிருந்தாலோ, கை வைக்கச் சுட்டாலோ உடனே நிறுத்தி, கட்டடப் பராமரிப்பாளரான சுப்பரின்ரெண்டனுக்கு அறிவிக்கவேண்டும். திரைச்சீலை, மெத்தை, உடுப்பு எல்லாம் ஒரு மீற்றர் தள்ளி இருக்கவேண்டும். மேலே ஈரத்துணி காயப்போடுவதும், வயரைக் கம்பளத்துக்குக் கீழே ஒளிப்பதும் ஆபத்து. வின்ரர் தொடங்குமுன் ஹீற்றரைப் பிளக்கிலிருந்து கழற்றி, அதன் உள்ளே படிந்த தூசியை மென்தூரிகையாலோ வக்கூமாலோ எடுக்கவேண்டும்; கோடையெல்லாம் சேர்ந்த தூசிதான் முதல்நாள் கருகல் மணத்துக்குக் காரணம். எண்ணெய் கசியும் ரேடியேற்றரைத் திருத்த முயலாமல் விலக்கிவிடுவதே நல்லது. வாங்கும்போது கனேடியத் தரச் சான்றின் முத்திரை உண்டா என்று பார்ப்பது மற்றெல்லாவற்றுக்கும் முந்தியது.

கோபுரங்களின் மின்னமைப்பும் அரை நூற்றாண்டு கடந்தது. 2018 ஓகஸ்ட் 21 அன்று 650 பார்லிமென்ற் வீதிக் கட்டடத்தில் மின்னமைப்புப் பழுதால் தீ மூண்டது. சுமார் 1,500 பேர் வெளியேறினர், ஒன்றரை ஆண்டுக்கு மேலாகத் திரும்ப முடியவில்லை. 2019 ஜனவரிக் கடுங்குளிரில் 260 வெலஸ்லி வீதிக் கட்டடத்தில் நீர்க்குழாய் வெடித்து மின்சாரம் நின்றது. வெப்பமும் நின்றது. மின்சாரம் போனால் ஹீற்றரும் பயன்படாது. அந்த நேரத்தில் அடுப்புக்கரியையோ முகாம் அடுப்பையோ வீட்டுக்குள் மூட்டினால், மணமற்ற காபன் மொனொக்சைட்டு உயிரைக் குடித்துவிடும். மின்சாரம் இருந்தும் வீடு 21 பாகைக்குக் கீழே போனால், முதலில் கட்டட நிர்வாகத்துக்கும், பலனில்லையேல் நகரசபையின் 311 இலக்கத்துக்கும் முறையிடலாம்.