வெயிலின் மூன்று பொருள்கள்: விருதுநகர் – சிவகாசி வட்டாரமும் தமிழ்ப் பாடற்காட்சியின் திட்டமிடல் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ப் பாடற்காட்சி, திரைப்படத்தின் ஓர் உறுப்பாகத் தோன்றிப் பின்னர்த் தனித்த இசைக்காணொளியாக வளர்ந்துள்ளது. அதன் படப்பிடிப்பில் இடம், பொழுது, மாந்தர், பொருள்கள் ஆகியவற்றைத் தெரிவு செய்யும் திட்டமிடல், கலை நுட்பம் சார்ந்த செயலாக மட்டும் இருப்பதில்லை. ஒரு நிலத்தின் எந்தப் பகுதி காட்சிக்கு வரும், எந்தப் பகுதி வெளியே நிற்கும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. விருதுநகர் – சிவகாசி வட்டாரத்தின் குழந்தைப் பருவத்தைக் காட்டிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) என்ற ஆவணப்படத்தையும், 'வெயில்' (2006) திரைப்படத்தின் 'வெயிலோடு விளையாடி' பாடற்காட்சியையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. அண்மைக் காலத் தனி இசைக்காணொளிகள் இரண்டின் வழியாக, விடுபட்ட உழைப்பு காட்சிக்குள் வரும் முறையையும் ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: பாடற்காட்சி, இசைக்காணொளி, சிவகாசி, கரிசல், கருப்பொருள், குழந்தை உழைப்பு

முன்னுரை

தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களால் அறியப்படும் ஊர் சிவகாசி. நாட்காட்டிகள், தீப்பெட்டி மேலொட்டுகள், பட்டாசுப் பெட்டி உறைகள், திரைப்படச் சுவரொட்டிகள் எனப் பல்லாண்டுகளாக இந்தியாவின் பல பகுதிகளுக்கும் படங்களை அச்சிட்டு அனுப்பிய ஊர் அது. அப்படங்களில் தெய்வங்கள், தலைவர்கள், குழந்தைகள், மலர்கள் எல்லாம் இடம்பெற்றன. அவற்றை உருவாக்கிய ஊரும் அதன் தொழிலாளரும் இடம்பெற்றது அரிது. பிறருக்காகப் படம் ஆக்கிய ஒரு வட்டாரம், தானே படமாக்கப்பட்டபோது எவ்வாறு காட்டப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவை ஆராயத் தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்னும் பாகுபாடு கருவியாகக் கொள்ளப்படுகிறது. பாடற்காட்சியைத் திட்டமிடுவோர் முதலில் இடத்தையும் பொழுதையும் தெரிவு செய்கின்றனர், இது முதற்பொருள். அடுத்து மாந்தர், விலங்கு, கருவி, தொழில் ஆகியவற்றை நிரல்படுத்துகின்றனர், இது கருப்பொருள். இவை இரண்டும் பாடலின் உணர்வாகிய உரிப்பொருளுக்குத் துணை நிற்கின்றன. கருப்பொருள் வரிசையில் யாழும் பறையும் இடம்பெறுவது போலவே, 'செய்தி' எனப்படும் தொழிலும் இடம்பெறுகிறது. இசையையும் உழைப்பையும் ஒரே வரிசையில் வைக்கும் இவ்விலக்கணம், இன்றைய பாடற்காட்சியை மதிப்பிடவும் உதவும்.

பாடற்காட்சித் திட்டமிடலின் வளர்ச்சி

1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' முதலாகத் தமிழ்ப் பேசும்படம் பாடல்களோடுதான் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் நடிகர்கள் படப்பிடிப்பின்போதே பாடினர். இசைக்கலைஞர்கள் ஒளிப்படக்கருவியின் பார்வைக்கு அப்பால் அமர்ந்து வாசித்தனர். ஒலிவாங்கி எட்டும் தொலைவுக்குள் நடிகர் நிற்க வேண்டியிருந்ததால், காட்சியின் அசைவு ஒலிப்பதிவுக்குக் கட்டுப்பட்டிருந்தது. திறந்தவெளியில் காற்றும் பறவையொலியும் பதிவைக் கெடுத்தன.

பின்னணிப் பாடல் முறை 1930களின் இறுதியில் இந்நிலையை மாற்றியது. தமிழில் இம்முறையின் தொடக்கமாக ஏவி.எம். நிறுவனரின் 'நந்தகுமார்' (1938) பொதுவாகச் சுட்டப்படுகிறது. பாடல் முன்னதாகவே பதிவு செய்யப்பட்டுப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கவிடப்பட்டதால், நடிகர் எங்கும் செல்லலாம், ஓடலாம், ஆடலாம் என்ற நிலை ஏற்பட்டது. நிலவெளி பாடலுக்குள் நுழைய வழி திறந்தது இந்த நுட்ப மாற்றமே.

இதன் விளைவாகத் திட்டமிடல் ஒரு தனிப்பணியாயிற்று. பல்லவி, அனுபல்லவி, சரணம், இடையிசை எனப் பாடலைக் கூறுபடுத்தி, ஒவ்வொரு கூறுக்கும் உரிய இடம், உடை, கோணம், அசைவு ஆகியவை முன்கூட்டியே வகுக்கப்பட்டன. மெதுவான அசைவில் ஒருவர் பாடுவதைக் காட்ட வேண்டுமாயின், நொடிக்கு 24 சட்டகங்களுக்கு மாறாக 48 சட்டகங்களில் படம்பிடித்து, தளத்தில் பாடலை இருமடங்கு விரைவில் ஒலிக்கவிட வேண்டும். அப்போதுதான் இதழசைவு பொருந்தும். இத்தகைய கணக்குகளைத் தளத்தில் நின்று முடிவு செய்ய இயலாது. தாளத்திற்கேற்பப் படத்தொகுப்பில் வெட்டு விழும் இடங்களும் படப்பிடிப்புக்கு முன்பே கருதப்பட்டன.

தொலைக்காட்சி பாடற்காட்சியைத் திரைப்படத்திலிருந்து பிரித்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சி, கதையறியாமலே பாடலைக் காணும் பழக்கத்தை உருவாக்கியது. 1993இல் தொடங்கிய சன் தொலைக்காட்சியும் பின்வந்த இசை அலைவரிசைகளும் அதை அன்றாடமாக்கின. 1997இல் விடுதலைப் பொன்விழாவையொட்டி வெளிவந்த ஏ.ஆர். ரகுமானின் 'வந்தே மாதரம்' தொகுப்புக்குப் பரத்பாலா இயக்கிய காட்சிகள், திரைப்படம் சாராத இசைக்காணொளிக்குப் பெரும் கவனத்தைப் பெற்றுத் தந்தன. 2011 நவம்பர் 16 அன்று இணையத்தில் வெளியான 'கொலவெறி' பாடற்காட்சியோ ஒலிப்பதிவுக்கூடத்தையே களமாகக் கொண்டு, பெருஞ்செலவின்றியும் காணொளி உலகெங்கும் பரவக்கூடும் எனக் காட்டியது. இடத்தெரிவு என்பது செலவின் அளவன்று, பொருளின் பொருத்தம் என்பதற்கு இது சான்றாகும்.

மூலதனமாகிய வெயில்

முன்னர் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த இவ்வட்டாரம், 1985 மார்ச் 15 அன்று காமராசர் மாவட்டமாகப் பிரிக்கப்பட்டுப் பின்னர் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. மழை குறைந்த கரிசல் நிலம், வேளாண்மை நிலையற்றது. 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து இவ்வட்டாரத்தின் தொழில் வரலாறு தொடங்குவதாகக் கொள்வர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன.

உழவனுக்குப் பகையான வறட்சி இத்தொழில்களுக்குத் துணையாயிற்று. மருந்து தோய்த்த குச்சியும், ஒட்டிய காகிதக் குழலும், திரியும் காய்வதற்கு ஈரமற்ற காற்றும் நீண்ட வெயிலும் தேவை. எனவே இங்கு வெயிலின் முதற்பொருள் மூலதனம் என்பதே. இது காலநிலை பற்றிய செய்தியாக இருப்பதோடு, கூலிக்கணக்கு பற்றிய செய்தியாகவும் இருக்கிறது.

படப்பிடிப்பு நோக்கிலும் இவ்விடத்தின் தன்மை கருதத்தக்கது. உச்சிவெயிலில் நிழல் கடுமையாக விழுவதால் முகங்கள் இருண்டு, பின்னணி வெளுத்துத் தோன்றும். ஒளிப்பதிவாளர்கள் பொதுவாகக் காலையையும் மாலையையும் நாடுவது இதனால்தான். தொழிற்கூடங்களின் நிலையோ வேறு. வெடிமருந்து கையாளும் அறைகளில் தீப்பொறி தரக்கூடிய எதற்கும் இடமில்லை. ஒளிவிளக்கு, மின்கம்பி, மின்னாக்கி ஆகியவற்றைக் கொண்டு இயங்கும் படப்பிடிப்புக் குழு அங்கு நுழைய இயலாது. பாடற்காட்சிகளில் இந்நிலத்தின் வெட்டவெளி தோன்றுவதற்கும் தொழிற்கூடத்தின் உட்புறம் தோன்றாமைக்கும் இப்பாதுகாப்புத் தேவையும் ஒரு காரணமாகலாம். எனினும் அதுவே முழுக் காரணமன்று என்பதைப் பின்வரும் ஒப்பீடு காட்டும்.

1990: சான்றாகிய காட்சி

நேரு சூட்டியதாக வழங்கும் 'குட்டி ஜப்பான்' என்ற புகழ்ப்பெயரைத் தலைப்பிலேயே எதிர்நிலையில் நிறுத்தியது, சலம் பென்னூர்கர் இயக்கிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் ஈடுபட்ட சிறுவர் சிறுமியரை அது மையப்படுத்தியது. உழைக்கும் குழந்தைகளே அதன் மாந்தர். இங்குத் தொழிலே கருப்பொருள்.

அதே ஆண்டில், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஆணை வழங்கியது. தீப்பெட்டி, பட்டாசு உற்பத்திப் பணியில் குழந்தைகளை ஈடுபடுத்தலாகாது என்ற அவ்வாணை, உற்பத்தியிடத்திற்கு அப்பால் அடைக்கும் பணியில் அவர்களை அமர்த்த இடமளித்தது. வயதுவந்தோர் குறைந்தபட்சக் கூலியில் 60 விழுக்காட்டைக் குழந்தைகளுக்கு வழங்கவும், 50,000 ரூபாய் காப்பீடு செய்யவும் கூறியது. 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு, இடர்மிகு தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் நல்கையாகச் செலுத்த வேண்டும் என்றது.

இவ்விரு ஆணைகளுக்கும் இடைப்பட்ட ஆறாண்டுகள், ஒரு குழந்தையின் உழைப்பு எந்த அளவில் ஏற்கத்தக்கது என்ற வினாவிலிருந்து, அது ஏற்கத்தக்கதே அன்று என்ற முடிவை நோக்கி நீதியின் பார்வை நகர்ந்ததைக் காட்டுகின்றன. ஆவணப்படத்தின் காட்சிகளை இச்சட்ட வரலாற்றோடு இணைத்தே படிக்க வேண்டும்.

2006: நினைவாகிய காட்சி

விருதுநகரைச் சேர்ந்த வசந்தபாலன் இயக்கிய 'வெயில்', 2006 டிசம்பரில் வெளிவந்தது. ஜி.வி. பிரகாஷ்குமார் இசையமைப்பாளராக அறிமுகமான படம் இது. ஆர். மதி ஒளிப்பதிவு செய்தார். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் படம் பெற்றது. நா. முத்துக்குமார் எழுதிய 'வெயிலோடு விளையாடி' பாடல், அண்ணன் தம்பியரின் குழந்தைப் பருவத்தை வெட்டவெளியின் ஓட்டத்தோடும் ஆட்டத்தோடும் இணைக்கிறது.

இப்பாடற்காட்சியின் முதன்மைச் சிறப்பு, ஒளிப்பதிவு வழக்கமாகத் தவிர்க்கும் வெயிலையே அழகுப்பொருளாக்கியது. தமிழ்த் திரைப்பாடலில் பசுமையும் நீர்நிலையும் கிராமத்தின் அடையாளங்களாக நீண்டகாலம் பயின்றுவந்தன. அவற்றுக்கு மாற்றாக, வறண்ட நிலத்திலும் மகிழ்ச்சி உண்டு என்பதைக் கரிசல் எழுத்தாளர்கள் உரைநடையில் நிறுவியிருந்தனர். கி. ராஜநாராயணன் வழிவந்த அம்மரபு பாடற்காட்சியை எட்டிய தருணமாக இதனைக் கொள்ளலாம்.

ஆயினும் இப்பாடற்காட்சியின் மையத்தில் இருப்பது விளையாட்டு, தொழில் அன்று. முதற்பொருளும் உரிப்பொருளும் நிறைந்திருக்க, கருப்பொருளில் 'செய்தி' பின்தங்குகிறது. இதனைப் படைப்பாளியின் மறைப்பாகக் கருதுவது முறையன்று. இவ்வட்டாரத்துக் குழந்தைகள் எல்லோரும் தொழிற்கூடத்திற்குச் சென்றவரல்லர், சென்றவரும் விளையாடாதவரல்லர். மேலும் அதே படம், திரைப்படம் பார்க்கச் சென்ற சிறுவனைத் தந்தை ஆடையின்றிக் கட்டி வெயிலில் விட்டுத் தண்டிப்பதையும் காட்டுகிறது. விளையாட்டுத் தோழனாகிய வெயில் தண்டனைக் கருவியாகவும் மாறுகிறது. ஆக, வெயிலின் மூன்று பொருள்களில் விளையாட்டையும் தண்டனையையும் இப்படம் அறிந்துள்ளது. மூலதனம் என்னும் பொருள் பாடலுக்கு வெளியே நிற்கிறது.

சிக்கல் எழுவது பாடல் தனியே சுற்றும்போதுதான். தொலைக்காட்சியிலும் இணையத்திலும் தண்டனைக் காட்சி இன்றிப் பாடல் மட்டுமே திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. கதையால் சமன் செய்யப்பட்டிருந்த விளையாட்டு, தனித்து நிற்கும்போது நிலத்தின் முழு உண்மையெனத் தோன்றக்கூடும். திரைப்படத்திலிருந்து பிரிந்த பாடற்காட்சியின் பொறுப்பு அதனால் கூடுகிறது.

தனி இசைக்காணொளியில் தொழில்

திரைப்படக் கதையின் துணையின்றித் தொடக்கத்திலேயே தனித்து நிற்கும் காணொளி, தன் சூழலைத் தானே சுமக்க வேண்டும். இதற்கு இரு சான்றுகள் கருதத்தக்கவை.

2017 ஜனவரி 14 அன்று வெளியான 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' முதலாவது. கபேர் வாசுகி எழுதிய பாடலை, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைப்பில் டி.எம். கிருஷ்ணா பாடினார், ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கினார். எண்ணூர்க் கழிமுகத்தின் மாசடைந்த வெளியிலேயே பாடகர் அமர்ந்து பாடுகிறார். கச்சேரி மேடையில் கேட்கும் இராகமாலிகை, சாம்பல் படிந்த நிலத்திற்கு இடம்பெயர்கிறது. இங்கு இடம் பின்னணியாக இல்லை, அதுவே வாதம்.

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' இரண்டாவது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் தீ, அறிவு ஆகியோர் பாடிய இதனை அமித் கிருஷ்ணன் இயக்கினார். நிலமற்ற உழைப்பாளரின் வரலாற்றைப் பேசும் இக்காணொளியில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டியே தோன்றுகிறார். வரலாற்றைச் சுமந்தவர் காட்சியிலும் இடம்பெறுகிறார். எனினும் அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டைப்படத்தில் அறிவு விடுபட்டது பொதுவெளியில் விவாதமாயிற்று. காட்சிக்குள் இடம் பெறுவதும் படைப்பின் உரிமையில் இடம் பெறுவதும் வேறு வேறு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முடிவுரை

பின்னணிப் பாடல் முறை நிலவெளியைப் பாடலுக்குள் கொணர்ந்தது. தொலைக்காட்சியும் இணையமும் பாடலைக் கதையிலிருந்து விடுவித்தன. இவ்விரு மாற்றங்களுக்குப் பின், இடத்தெரிவு என்பது வரலாற்றுத் தெரிவாகவும் ஆகிறது. 1990இன் ஆவணப்படம் தொழிலைக் காட்டியது. 2006இன் பாடற்காட்சி விளையாட்டைக் காட்டியது. இரண்டும் ஒரே வட்டாரத்துக் குழந்தைகளைப் பற்றியவை; ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. இரண்டையும் ஒருங்கே ஏற்கும் பாடற்காட்சி அமையும்போதே இந்நிலத்தின் வெயில் தன் மூன்று பொருள்களையும் பெறும்.

வெடிமருந்து அறைக்குள் ஒளிப்படக்கருவி செல்ல இயலாமை அதற்குத் தடையன்று. காயும் குழல்களும், விடியலில் ஊர்தோறும் வந்து நிற்கும் ஆலைப் பேருந்துகளும், வீட்டுத் திண்ணையில் நடக்கும் கைவேலையும் வெளியே உள்ளன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிவிபத்து போன்றவை நிகழும்போது மட்டுமே இவ்வட்டாரத்துத் தொழிலாளர் செய்திப்படங்களில் தோன்றுகின்றனர். இறப்பில் மட்டும் காட்சிக்கு வரும் உழைப்பு, வாழ்விலும் காட்சிக்கு வர வேண்டுமாயின், அது படப்பிடிப்பு நாளில் தற்செயலாக நிகழாது. யாழுக்கும் பறைக்கும் அருகே 'செய்தி'யையும் வைத்தெண்ணும் திட்டமிடலிலேயே தொடங்க வேண்டும்.