பல் காப்பீடு (அமெரிக்கா)

பல் சிகிச்சைச் செலவை ஈடுகட்டும் காப்பீடு. அமெரிக்காவில் இது பெரும்பாலும் மருத்துவக் காப்பீட்டிலிருந்து தனியாக விற்கப்படுகிறது. 1954-இல் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய திட்டங்கள் இதன் முன்னோடிகள். 2010-ஆம் ஆண்டின் ‘ஒபாமாகேர்’ சட்டம் குழந்தைகளின் பல் பராமரிப்பை இன்றியமையாத பயன்களில் சேர்த்தது. பெரியவர்களுக்கு அவ்வாறு இல்லை.

பயன்கள்: பல திட்டங்கள் 100–80–50 முறையைப் பின்பற்றுகின்றன. பரிசோதனை, பல் சுத்தம் செய்தலுக்கு முழுத் தொகை. சொத்தை அடைத்தலுக்கு 80 விழுக்காடு. பல்லுக்கு உறை போடுதலுக்கு 50 விழுக்காடு. தொடக்கக் கழிவு (நோயாளி முதலில் தாமே செலுத்த வேண்டிய தொகை) 50 டாலர் எனில், 1,200 டாலர் உறைக்கு நிறுவனம் தருவது 575 டாலர். ஆண்டு உச்சவரம்பு பெரும்பாலும் 1,000 முதல் 2,000 டாலர் வரை.

தேர்வு: குடும்பத் திட்டத்திலும் ஆண்டு வரம்பு பொதுவாக ஆளுக்குத் தனித்தனியே கணக்கிடப்படும். பிள்ளைகளுக்குப் பல் கம்பி கட்டுவதற்கு பெரும்பாலும் வாழ்நாள் வரம்பு தனியாக இருக்கும். பெரிய சிகிச்சைகளுக்கான காத்திருப்புக் காலம், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறாரா என்பது ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. பற்கள் நலமாக உள்ள தனியாளுக்கு ஆண்டு பிரீமியம், இரண்டு முறை சுத்தம் செய்யும் செலவை விஞ்சிவிடக்கூடும்.