501-வது யூனிட்டின் விலை

கரண்ட் பில்லைப் பார்த்துக் குழம்பாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. 2016 மே மாதம் ஜெயலலிதா அரசு முதல் 100 யூனிட்டை இலவசமாக்கியது. அதன் பிறகு, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,130 ரூபாய். பக்கத்து வீட்டில் 501 யூனிட் என்றால் 1,786 ரூபாய் 60 காசு! ஒரே ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாயா?

மீட்டரில் கோளாறு இல்லை. அப்போது 500 யூனிட் வரை 101 முதல் 200-க்கு 2 ரூபாய், அதற்கு மேல் 3 ரூபாய் என்று இருந்தது. 500-ஐத் தாண்டினால் மானியம் குறைந்தது. கடைசி யூனிட்டுக்கு 6.60 என்பதோடு நிற்கவில்லை, அதே பழைய யூனிட்டுகளும் 3.50, 4.60 என்று மாறின. நிலைக் கட்டணமும் 30-லிருந்து 50 ஆனது.

2022 செப்டம்பர் 10 அன்று கட்டணம் உயர்ந்தது, நிலைக் கட்டணம் நீங்கியது. அப்போது 500 யூனிட்டுக்கு 1,725, 501-க்கு 1,958 ரூபாய் என்று ஆனது. அதாவது முதல் வீட்டுக்கு ஏறியது 595 ரூபாய், ஒரு யூனிட் அதிகம் எரித்த பக்கத்து வீட்டுக்கோ சுமார் 171 ரூபாய்தான்!

ஆக, கட்டணம் எத்தனை சதவீதம் ஏறியது என்ற செய்தி மட்டும் போதாது. தன் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் பில் புரியும்.