தோட்டா மாறினால் போதுமா?

துப்பாக்கிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கலாம். ஒன்றுமில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடங்குப் பதிவேடும் கொள்முதல் கோப்பும் எழுதியவன் நான். பழையதை விட்டுப் புதியதற்கு மாறலாமா என்ற கேள்வி எங்கே எழுந்தாலும் கொஞ்சம் நின்று படித்துவிட்டுத்தான் போவேன்.

அமெரிக்காவில் ஃபெடரல் என்ற நிறுவனம் 2022-இல் .30 சூப்பர் கேரி என்ற புதிய கைத்துப்பாக்கித் தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எங்கும் புழங்கும் 9 மி.மீ. தோட்டாவைவிட இது ஒல்லி. அதனால் அதே அளவுத் துப்பாக்கியில் ஒன்றிரண்டு தோட்டா கூடுதலாக அடங்கும், வலுவிலும் 9 மி.மீ.க்கு இளைத்ததில்லை என்பது நிறுவனத்தின் வாதம். மாறலாமா, வேண்டாமா? இதற்கு வரலாறு ஏற்கெனவே இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு சொல் விளக்கம். பேச்சுவழக்கில் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வேறுபாடு தெரிந்திருக்கும். 'கார்த்தூஷ்' என்றால் முழுத் தோட்டா. அதில் பித்தளைக் கூடு 'தூய்', பறந்து போகும் குண்டு 'பால்'. (பசும்பால் அல்ல!) கூட்டின் நீளமோ குண்டின் தடிமனோ மாறினால் பெரும்பாலும் துப்பாக்கியையே மாற்ற வேண்டிவரும். அதோடு புதிய இருப்பு, புதிய பயிற்சி, பழையதைக் கழிக்கும் வேலை. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

பிரான்ஸ் இதை அனுபவித்தே தெரிந்துகொண்டது. 1935 மாடல் கைத்துப்பாக்கிகளுக்கு அந்நாட்டுப் படை 7.65 மி.மீ. 'லோங்' என்ற ஒல்லித் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது. முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்கர் ஜான் பெடர்சன் வடிவமைத்த தோட்டாதான் அதற்கு மூலம். பின்னுதை குறைவு, கைக்கு இதம். ஆனால் மற்ற பெரிய நாடுகள் அதைத் தொடவில்லை. ஆஸ்திரியர் கியோர்க் லூகர் 1902-இல் உருவாக்கிய 9 மி.மீ. தோட்டா உலகெங்கும் பரவிவிட்டது. போருக்குப் பின் பிரான்சும் 1950 மாடல் துப்பாக்கியோடு 9 மி.மீ.க்கே வந்து சேர்ந்தது. இந்தோசீனாவுக்குப் போய்வந்த நம் ஊர் சொல்தாக்கள் சிலர் அந்த ஒல்லித் தோட்டாவைப் பார்த்திருக்கக்கூடும். இன்றைய .30 சூப்பர் கேரி நீளத்திலும் தடிமனிலும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட தம்பி. உள்ளே உண்டாகும் அழுத்தம்தான் மிக அதிகம்.

இரண்டாவது கதையில் உயிர்கள் போயின.

1986 ஏப்ரல் 11. மியாமி நகருக்குத் தெற்கே, வங்கிக் கொள்ளையில் தேடப்பட்ட பிளாட், மேட்டிக்ஸ் இருவரின் காரை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் மடக்கினார்கள். மோதலில் ஈடுபட்ட அதிகாரிகள் எட்டுப் பேர். சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. ஜெர்ரி டவ், பெஞ்சமின் க்ரோகன் என்ற இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். கொள்ளையர் இருவரும் இறந்தார்கள்.

தொடக்கத்திலேயே டவ் சுட்ட ஒரு 9 மி.மீ. குண்டு பிளாட்டின் வலது கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்துக்குச் சற்று முன்பாக நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனாலும் அவன் உடனே விழவில்லை. அதன் பிறகும் சுட்டான். டவ்வும் க்ரோகனும் அதற்குப் பிறகே இறந்தார்கள்.

விசாரணையின் பார்வை அந்தக் குண்டின் மேல் போய் நின்றது. இன்னும் ஓரங்குலம் போயிருந்தால் என்ற ஏக்கம் யாருக்கும் வரும். ஆனால் வேறு காரணங்களும் இருந்தன. பிளாட் கையில் இருந்தது ரைஃபிள், அதிகாரிகளில் பெரும்பாலோரிடம் இருந்தது கைத்துப்பாக்கி. கார்கள் மோதியதில் க்ரோகனின் மூக்குக்கண்ணாடி வேறு கழன்று போயிருந்தது.

எஃப்.பி.ஐ. ஜெலட்டின் கட்டிகளில் சுட்டுச் சோதித்தது. குண்டு குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும், 18-ஐத் தாண்டக்கூடாது என்று அளவுகோல் வகுத்தது. 10 மி.மீ. தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது. அது பலருக்கு அடங்காத முரட்டுத் தோட்டா என்பதால் மருந்தைக் குறைத்துப் பயன்படுத்தினார்கள். மருந்து குறைந்தால் இவ்வளவு நீளக் கூடு எதற்கு? ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வின்செஸ்டர் நிறுவனங்கள் கூட்டை ஏறக்குறைய 25 மி.மீ.யிலிருந்து 21.6 மி.மீ.க்குக் குறைத்து, 1990 ஜனவரியில் .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவை வெளியிட்டன. அமெரிக்கப் போலீஸ் துறைகள் வரிசையாக அதற்கு மாறின. 1997-இல் எஃப்.பி.ஐ.யும் மாறியது.

2014-இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு ஒரு குறிப்பு எழுதியது. நவீனக் குண்டுகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன, 9 மி.மீ., .40 காயங்களுக்கு இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை, 9 மி.மீ.யில் பெரும்பாலானோர் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள். பின்னுதை குறைவு, துப்பாக்கித் தேய்மானம் குறைவு, விலையும் குறைவு. 2016-இல் மறுபடியும் 9 மி.மீ. துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள்.

பழைய குருடி கதவைத் திறடி என்று சிரிக்கத் தோன்றும். சிரிக்க வேண்டாம். அந்த அளவுகோல் பிறந்ததால்தான் குண்டு செய்பவர்கள் அதற்கேற்பத் திருந்தினார்கள். அந்தச் சோதனைகளுக்கு ஆன செலவு வீணில்லை. கூட்டை மாற்றி, துப்பாக்கிகளை மாற்றி, கை நடுங்கச் சுட்டுப் பழகிய செலவுதான் சுற்றுவழி. குண்டை மட்டும் திருத்தக் காத்திருந்தால் பழைய துப்பாக்கியே போதுமாயிருந்திருக்கலாம். இரண்டு சக ஊழியர்களைப் பறிகொடுத்த அலுவலகத்திடம் காத்திரு என்று யார் சொல்வது? துக்கத்தில் எழுதப்படும் கோப்பில் பொருளின் மேல் பழியைப் போடுவது சுலபம், உடனே ஆர்டரும் போட்டுவிடலாம்.

ஆகவே .30 சூப்பர் கேரிக்கு என் பதில் இதுதான். அதற்கேற்ற துப்பாக்கிகள் சில மாடல்களில்தான் வந்திருக்கின்றன, 9 மி.மீ. எந்தக் கடையிலும் கிடைக்கிறது. கூடுதலாக அடங்கும் ஒன்றிரண்டு தோட்டாவுக்காக ஒரு துறை மொத்தமாக மாறுவது தேவையில்லை. அந்தப் பணத்தில் இருக்கும் தோட்டாவையே கூடுதலாக வாங்கிப் பயிற்சி கொடுக்கலாம். பணியில் இருப்பவர் மாலையில் வீடு திரும்புவதற்கு அது இன்னும் கொஞ்சம் உதவும்.